இத்தா வீட்டில் ஒரு நண்டுக் கொம்பனி

அஸீபாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வரும். அவள்மேல் இல்லை. யார்மேல் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் ஒழுங்கான பதில் கிடையாது. எல்லாரும் நல்லவர்களாக இருந்துகொண்டு ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் யாரைப் போய் ஏசுவது? கெட்டவன் ஒருவன் இருந்தாலாவது சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவள் என் தம்பி சியாமின் மனைவி. நான் அவளுக்கு மதினி, பெயர் றாபியா. எருக்கலம்பிட்டியில் ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடும். அவள் பிறந்து வளர்ந்தது புத்தளத்துப் பக்கம், அகதி முகாமில். உம்மா, வாப்பா, சகோதரங்கள், அடுப்பு, பாய் எல்லாம் ஒரே ஓலைக் கொட்டிலுக்குள். அதனாலோ என்னவோ, நாலு சுவருக்குள் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கலியாணம் கட்டி மன்னாருக்கு வந்த புதிதில், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நிற்பாள். பிள்ளைப் பாக்கியத்தை அல்லாஹ் கொடுக்கவில்லை. "சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும் மதினி" என்று சொல்லி, பேசாலைப் பக்கம் இருந்த நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிற வேலைக்குப் போனாள்.

படகில் வருகிற நீலக்கால் நண்டை அவித்து, ஆறவைத்து, பெண்கள் மேசையில் இருந்து சதையைப் பிரித்து எடுப்பார்கள். அதை டப்பாவில் அடைத்து ஐஸ் போட்டு லொறியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது வெளிநாட்டுக்காரரின் கோப்பைக்குப் போகும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவையும் நடத்தத் தெரியாமல் அந்தக் கொம்பனி அப்போது தள்ளாடிக்கொண்டு இருந்தது.

முதலாளி எமிலியானுஸ் பேசாலைக்காரர். தங்கமான மனுசன். ஆனால் ஒழுங்கு என்பது அவரிடம் மருந்துக்கும் இல்லை. ஒரு நாள் நண்டு மலையாகக் குவிந்து கிடக்கும், எடுக்க ஆள் இருக்காது. மறுநாள் ஆட்கள் வரிசையாக ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள், நண்டு வராது. சதை டப்பாவுக்குப் போகமுதலே ஐஸ் வந்து கரைந்து ஓடும். இதற்குள் அவர் செய்த பெரிய கூத்து, ஆட்களை ஊர் ஊராக இருத்தி வைத்தது. ஒரே வான் வண்டியில் வருகிறவர்கள் ஒரே மேசையில் இருந்தால் சந்தோசமாக வேலை செய்வார்களாம். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், பேசாலைக் கிறிஸ்தவச் சனம் மறுபக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் வெளிக்கிட முதல் எங்கள் பெண்கள் வீட்டில் நிற்க வேண்டும், அரைவாசி மேசை வெறுமையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்றப் பக்கம் வெறுமையாகிவிடும். அந்த மேசைகளுக்கென்று அவித்து வைத்த நண்டு கிடந்து நாறும்.

அஸீபாதான் ஆட்களைக் கலந்து இருத்தச் சொன்னாள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பக்கத்து ஆட்களும். ஒருத்தி எழும்பிப் போனாலும் பக்கத்தில் இருப்பவள் மேசையைக் காப்பாற்றுவாள். என்ன சண்டை! "அவவுக்குப் பக்கத்தில இருந்தா எனக்கு யாரோட கதைக்கிறது?" என்று பெண்கள் மூஞ்சியைத் தூக்கினார்கள். பிறகு பாலன் பிறப்புக்குக் கேக்கும் பெருநாளுக்கு வட்டிலப்பமும் கைமாறத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. நண்டு வாங்குவதையும் அவள் அப்படியே மாற்றினாள். சனி இரவு பேசாலைப் படகுகள் கடலுக்குப் போகாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் ஆட்களின் படகில் வாங்குவது. வெள்ளிக்கு மறுவளமாகப் பேசாலைப் படகில். இந்த இரண்டு விஷயமும் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கொம்பனியை இதை வைத்து ஓட்டலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்சக் காலத்தில் முதலாளி அவளை ஒப்பரேஷன் மனேஜர் ஆக்கினார். எனக்கு அந்தப் பெயரே வாயில் வரவில்லை.

"அதென்னடி வேலை? நண்டும் எடுக்கிறதில்ல, கணக்கும் பாக்கிறதில்ல" என்று கேட்டேன்.

"எல்லாரும் தங்கட வேலையை நல்லாத்தான் செய்யிறாங்க மதினி. ஒருத்தர்ர வேலை முடிஞ்சு மற்றவர்ர வேலை தொடங்குறதுக்கு இடையிலதான் நண்டு பழுதாப் போகுது. அந்த இடையில நிக்கிறதுதான் என்ர வேலை."

நிற்பது என்றால் உண்மையாகவே நிற்பதுதான். கதிரையில் இருக்க மாட்டாள். இறங்குதுறையில் நிற்பாள், அவிக்கிற இடத்தில் நிற்பாள், லொறிக்காரனோடு வாய்ச்சண்டை பிடிப்பாள். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் நண்டு மணக்கும், முகம் மட்டும் பூத்துப்போய் இருக்கும். சியாம் அக்காவான என்னிடம் பகிடி பண்ணுவான்: "நான் நண்டைத்தான் கட்டியிருக்கிறன் தாத்தா." அவனுக்கு அவள்மேல் அப்படி ஒரு பெருமை.

வாடைக்காற்றுத் தொடங்கிய நேரம் அவன் மௌத்தானான். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து நெஞ்சு குத்துகிறது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கிருந்த ஒரே தம்பி. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் இது முடியாது.

அஸீபா இத்தா இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம். வெளியே போவதில்லை, சோடிப்பதில்லை, அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. தெருப்பக்கத்து அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன். யன்னலுக்குத் தடித்த சேலை கட்டினேன். ஸபூராக, பொறுமையாக இருந்தாள், ஒரு சொல் முறைப்பாடு இல்லை. இத்தா முடிந்ததும் வேலைக்குப் போவேன் என்பதை மட்டும் முதல் கிழமையே சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி துக்கம் விசாரிக்க வந்தார். கேற்றுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. வீட்டுப் பக்கம் பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்போல, தெருவையே பார்த்துக்கொண்டு என்னோடு கதைத்தார்.

"அக்கா, பிள்ளையோட போனிலயாவது நான் கதைக்கலாமோ? ஆம்பிளையின்ர குரல் காதில விழக்கூடாதாமே?"

"ஆர் சொன்னது? தேவைக்குக் கதைக்கலாம் முதலாளி, அதில பாவமில்ல" என்றேன்.

"வேண்டாமக்கா. எங்களால உங்கட மார்க்கத்துக்கு ஒரு குறை வரக்கூடாது. நான் ஜெயனியைக் கேக்க விடுறன். பொம்பிளைப் பிள்ளையெண்டா பிழையில்லைத்தானே?"

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் மரியாதைக்காகச் சொல்கிறேன் என்றும் உண்மையில் அது பெரிய குற்றம் என்றும் அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். இப்படி ஒரு பிழையை இந்தக் கரையில் பிறந்தவன்தான் விடுவான். மற்றவனின் மார்க்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் துணிந்து போனை எடுத்துக் கதைத்திருப்பான். எல்லாம் தெரிந்தவனும் கதைத்திருப்பான். பாதி தெரிந்து பயந்து மதிக்கிற மனுசன்தான் இப்படிச் செய்வார்.

ஜெயனி பேசாலைப் பிள்ளை. நண்டு நிறுக்கிற இடத்தில் வேலை. கெட்டிக்காரி, பணிவானவள். அன்று தொடக்கம் கொம்பனியில் எது நடந்தாலும் அவள் வாயால்தான் அஸீபாவுக்கு வரும், அஸீபாவின் பதில் அவள் காதால்தான் கொம்பனிக்குப் போகும். லொறிக்காரன், ஐஸ்காரன், இலுப்பைக்கடவையில் நண்டு சேர்த்துக் கொடுக்கிற ஆள், முதலாளி, எல்லாருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை.

அஸீபா வாய்விட்டு அழத் தொடங்குவாள், போன் அடிக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு "சொல்லுங்க ஜெயனி" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "அந்தக் கோதாரியைத் தா, கிணத்துக்க எறிஞ்சு போடுறன். புருசனுக்கு அழக்கூட விடமாட்டாங்களா?" என்று கத்தினேன்.

"விடுங்க மதினி. அது அடிக்காட்டி நான் இந்த அறைக்குள்ள என்ன செய்யிறது?"

சும்மா சொல்லக்கூடாது, அவள் அங்கே இருந்துகொண்டு நடத்திய மாதிரி கொம்பனி ஒருநாளும் நடந்ததில்லை. ஒரு நாள் சுபஹு நேரம் யன்னல் சேலை உள்ளே வந்து முகத்தில் அடித்தது. பனை ஓலை சடசடவென்று சத்தம். உடனே ஜெயனிக்கு எடுத்தாள்: "வாடை இறுகிட்டுது. இண்டைக்குப் பேசாலைப் படகு ஒண்டும் வெளிக்கிடாது. வானைக் கொண்டச்சிப் பக்கம் அனுப்புங்க, அங்க கடல் பணிவாத்தான் இருக்கும்." நோன்பு வந்ததும் வேலை நேரத்தை விடியப்புறத்துக்குத் தள்ளி, எங்கள் பெண்கள் களைக்க முதல் வீட்டுக்குப் போக வழி பண்ணினாள். கண்ணால் எதையும் பார்க்க முடியாததால் ஒவ்வொன்றையும் யோசித்து, முன்கூட்டியே சொல்லி வைத்தாள். முன்பு ஓடிப்போய்க் கையால் பிடித்த பிழையை இப்போது நடக்க முதலே வாயால் மறித்தாள்.

ஜெயனி முதலில் "என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்பாள். பிறகு "ஏன் அக்கா அப்பிடி?" என்று கேட்கத் தொடங்கினாள். கேட்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருக்க அஸீபாவுக்குத் தெரியாது. காற்று, கடல், பூசை, பெருநாள், எந்தப் பெண் யாரோடு இருந்தால் கை ஓடும், எந்த லொறிக்காரன் எங்கே சாப்பிட நிற்பான், ஒன்று விடாமல் சொன்னாள். கடைசி நாட்களில் ஜெயனி "இப்பிடிச் செய்திட்டன் அக்கா, சரிதானே?" என்றுதான் எடுத்தாள். அஸீபா சிரித்துக்கொண்டு "சரி" என்பாள். எனக்கும் அப்போது அது நல்லதாகத்தான் பட்டது.

இத்தா முடிகிற கிழமை அபாயாவைத் துவைத்து அயன் பண்ணினாள். "நண்டு அவியிற மணம் மூக்குக்குள்ளயே நிக்குது மதினி. முதல் வேலையா இறங்குதுறைக்குத்தான் போவன்" என்றாள். சின்னப் பிள்ளை பெருநாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருந்தாள்.

முடிந்த அன்று துஆ ஓதினோம். மறுநாள் முதலாளியே வந்துவிட்டார். இந்த முறை உள்ளே வந்து கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். நீங்கள் நோன்போடு இருக்க நான் குடிப்பதா என்று தொடவேயில்லை. இப்படிப்பட்ட மனுசனை எப்படி ஏசுவது, சொல்லுங்கள். கண் கலங்க அஸீபாவைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் வீட்டில இருந்து பாத்த இந்த மாதங்கள் மாதிரி கொம்பனி ஒரு நாளும் ஓடேல்ல. ஒரு கிலோ பழுதில்லை. இனி நீங்கள் வெயிலுக்க, சேத்துக்க அலைய வேண்டாம். சம்பளம் கூட்டித் தாறன். இங்கயே இருந்து பாருங்கோ."

அஸீபாவுக்கு முதலில் விளங்கவில்லை. "இல்ல முதலாளி, நான் நாளைக்கு வாறன்" என்றாள்.

"வாங்கோ, தாராளமா வாங்கோ. மாதத்தில ஒருக்கா வந்து எல்லாரையும் பாத்திட்டுப் போங்கோ. கொம்பனியில உங்கட அறையில இப்ப டப்பா அடுக்கியிருக்கு, நான் வெளியில கதிரை போட்டுத் தரச் சொல்லுறன்."

விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். வாசலில் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியோடு வந்து நின்றது. அதில் ஒரு மேசையும் சுத்துகிற கதிரையும். அவருடைய அன்பளிப்பு. இறக்கி, அவள் இத்தா இருந்த அதே அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

புத்தளத்திலிருந்து அவளுடைய அண்ணன், றினாஸ் காக்கா, போனில் குதித்தான். "அல்ஹம்துலில்லாஹ்! இதைவிட என்ன வேணும்? கைம்பெண் ஒருத்தி நாலு ஆம்பிளையளுக்க நிண்டு வாய்ச்சண்டை பிடிக்காம, வீட்டுக்குள்ள மானத்தோட சம்பளம். உனக்கு நல்ல நசீபு." ஒழுங்கையில் இருந்த பெண்களும் வந்து கதிரையைச் சுத்திப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். அஸீபா எல்லாருக்கும் தலையாட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. சம்பளம் கூட, வேலை குறைவு, மரியாதைக்கும் குறைவில்லை. "எனக்கு மூச்சு முட்டுது" என்பதை யாரிடம் காரணமாகச் சொல்வது?

என்னிடம் சொன்னாள். ஒரு பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்தபடியே சொன்னாள்: "இத்தா அவருக்காக இருந்தன் மதினி, சந்தோசமா இருந்தன். இது ஆருக்காக?"

பெருநாள் போய்க் கொஞ்ச நாள். கிறிஸ்தவச் சனத்துக்குப் பெரிய வாரம். பெரிய வியாழன்தான் கொம்பனிக்கு ஆண்டிலேயே இடக்கான நாள். மறுநாள் இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளி, வேலை இல்லை, படகும் போகாது. அன்று கரைக்கு வருவதை அன்றே அவித்து, எடுத்து, அடைத்து லொறி ஏற்றிவிட வேண்டும். பேசாலைப் பெண்கள் பின்னேரப் பூசைக்கு முன்னமே போய்விடுவார்கள். எங்கள் பக்கத்திலிருந்து மேலதிகமாக ஆட்களை எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அஸீபா அன்று பம்பரமாகச் சுழல்வாள்.

"அண்டைக்குப் போனை ஓஃப் பண்ணிப்போட்டுப் பேசாம இரு" என்றேன் நான். "மத்தியானம் ஆகமுதல் முதலாளி வானோட வந்து நிப்பார். வாங்கோ பிள்ளை, நீங்கள் இல்லாம ஏலாதெண்டு கையைப் பிடிக்காத குறையாக் கூட்டிக்கொண்டு போவார். அப்ப ஏறிப் போ. பிறகு இறங்காத."

"நண்டு பழுதாப் போகும் மதினி. அந்தப் பெண்களுக்கு அண்டைக் கூலி இல்லாமப் போகும்."

"ஒரு நாள் போகட்டும். உன்ர வாழ்க்கை போகுதே, அதை ஆர் பாக்கிறது?"

கிழமை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். புதன் இரவு சரி என்றாள்.

வியாழன் விடிய அவளே போனை ஓஃப் பண்ணினாள். குளித்து, அபாயா உடுத்து, முன்வாசலில் வந்து இருந்தாள். நான் கேற்றைத் திறந்து வைத்துவிட்டு, தெருவில் ஒரு வான் சத்தம் கேட்டாலே எழும்பி எழும்பிப் பார்த்தேன். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இப்ப படகு வந்திருக்கும்" என்பாள். கொஞ்ச நேரத்தில் "இப்ப அவிச்சிருப்பாங்க, ஆள் காணாது, கிடந்து ஆறும்" என்பாள். "யா அல்லாஹ், அந்தப் பிள்ளை ஜெயனி அழுதுகொண்டு நிக்கும்" என்று போனை எடுக்கப் போவாள், நான் பறித்து மடியில் வைத்துக்கொள்வேன். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. வான் வரவில்லை. நான் சமைத்த சோற்றை இரண்டு பேருமே தொடவில்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் அவள் கையை நீட்டினாள். "தாங்க மதினி. போதும். பாவம் அதுகள். நான் போய்க் கையில காலில விழுந்தெண்டாலும் மிச்சத்தைக் காப்பாத்தித் தாறன்."

கொடுத்தேன். போன் உயிர் வந்ததும் ஜெயனி அனுப்பிய குரல் செய்தி ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. அஸீபா அதைத் தட்டினாள்.

"அக்கா, காலமை எடுத்தனான், போன் ஓஃப். சுகமில்லாமப் படுத்திருக்கிறீங்களோ எண்டு நினைச்சுப் பிறகு கரைச்சல் தரேல்லை. எல்லாம் முடிஞ்சுது அக்கா. லொறியும் வெளிக்கிட்டிட்டுது. நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே செய்தனான். நாளைக்கு லீவுதானே, நீங்களும் நல்லா ஆறுதல் எடுங்கோ. முதலாளியும் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்."

பின்னால் பெண்கள் சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "நன்றி கெட்டதுகள்! நாள் முழுக்க ஒரு மனுசி என்ன ஆனாளெண்டு வந்து பாக்க ஒருத்தருக்கும் கால் இல்லையா?" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன்.

"ஏசாதீங்க மதினி. அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்ல."

ஜெயனிக்கு எடுத்தாள். குரலில் ஒரு பிசிறில்லை. மேலதிக ஆட்களை எங்கேயிருந்து எடுத்தது என்று கேட்டாள். ஐஸ் எப்போது வந்தது என்று கேட்டாள். பூசைக்குப் போனவர்களின் மேசைகளை யார் பார்த்தது, லொறிக்காரன் வழியில் நிற்காமல் போக என்ன பண்ணியது, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கேயாவது ஓரிடத்தில் தடக்குப்பட மாட்டாளா என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை ஓரிடத்திலும் தடக்குப்படவில்லை. எல்லாம் அஸீபாவின் சொற்கள். இந்த அறைக்குள் இருந்து அவள் சொல்லி நான் கேட்ட அதே சொற்கள்.

"நல்லாச் செய்திருக்கிறீங்க ஜெயனி" என்றாள். "போய்ப் பூசையைப் பாருங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"நான் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறன், என்ன மதினி?"

"ஓம்" என்றேன்.

திறந்து கிடந்த கேற்றைப் பார்த்தாள். பிறகு உதடு கோணிக்கொண்டு வர, அந்த அபாயாவோடேயே என் தோளில் சாய்ந்தாள்.

"இனி நான் எங்கயெண்டு போறது மதினி?"